ஈஸி ஏ: வதந்தியைப் பற்றிய அருமையான படம்

2010-ல் வில் க்ளக் இயக்கத்தில் வந்த ஆங்கிலப் படம். கலிபோர்னியாவின் ஓஹாய் ஊரில் ஒரு பள்ளிக்கூடம், அங்கே படிக்கும் ஆலிவ், ஒரு பையனோடு இரவைக் கழித்ததாகக் கழிவறையில் தன் தோழியிடம் சொல்லும் ஒரு பொய்யை வேறொருத்தி ஒட்டுக்கேட்டுவிட, பள்ளி முழுக்கப் பரவிவிடுகிறது. ஆலிவாக எம்மா ஸ்டோன் பிரமாதமாக நடித்திருக்கிறார். கேலிக்கு ஆளாகும் ஒரு பையனைக் காப்பாற்ற, அவனோடும் உறவு இருந்ததாக நடித்து அவள் தன் பெயரையே கெடுத்துக்கொள்கிறாள், அந்தப் பொய்யால் பையன்களுக்கு மதிப்பு கூடுகிறது, அவளுக்கு மட்டும் ஏச்சு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நம் கும்பகோணம், மாயவரம் பக்கம் டவுன் பஸ்ஸில் ஒரு பையனோடு நின்று பேசினாலே, பெண் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிடும், அப்புறம் படிப்பை நிறுத்துவது வரை போகும்.

அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்னின் 1850 நாவலில், முறை தவறியவள் என்று ஒரு பெண்ணை அவமானப்படுத்த அணியவைக்கும் சிவப்பு 'ஏ' எழுத்தை ஆலிவே தன் உடையில் தைத்துக்கொள்ளும் கட்டம் அபாரம். ஸ்டான்லி டூச்சியும் பாட்ரிசியா கிளார்க்ஸனும் மகளை முழுசாக நம்புகிற அப்பா அம்மாவாக வருகிறார்கள், இவர்களுக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். பள்ளியில் அவளைத் தூற்றும் பக்திக் கூட்டத்துப் பெண்களை இன்னும் கொஞ்சம் மனுஷிகளாகக் காட்டியிருக்கலாம், ஆசிரியர் வீட்டுக் கிளைக்கதையும் இழுவை. பேச்சு வெளிப்படையானது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிளஸ் டூ பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோரும் சேர்ந்தே பாருங்கள்.