பிறையில் ஒரு நாள் இரசாயனப் பாதுகாப்புப் பயிற்சி: காலையை மறந்துவிடலாம், பிற்பகலுக்காகப் போகலாம்

பினாங்கு மாநிலத்தின் பிறைத் தொழிற்பேட்டையில் உலோகப் பாகங்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஆட்கள் ஆறு பேரை அழைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இயங்கும் ஒரு தனியார் மையத்தின் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். கட்டணம் தலைக்கு 320 ரிங்கிட். மதிய உணவும் தேநீரும் அதில் அடக்கம்.

காலை அமர்வைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இரசாயனங்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிமுறைகள், ஓர் இரசாயனத்தின் ஆபத்துகளையும் தற்காப்பையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பகுதிகள் என்று ஸ்லைடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சாயத்தை இளக்க நாங்கள் பயன்படுத்தும் தின்னரின் தரவுத் தாளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அனுப்பினேன், அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கையுறைப் பகுதி அதைவிட மோசம். நைட்ரில் என்ற செயற்கை ரப்பரில் செய்த மெல்லிய நீலக் கையுறை ஒன்றையே எல்லாவற்றுக்கும் மருந்துபோல எடுத்துக் காட்டினார்கள். அசிட்டோன் என்ற கரைப்பான் அந்த ரகக் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், அதற்குப் பியூட்டைல் ரப்பர் வேண்டுமே என்று நான் கேட்டதற்கு, "அது அடுத்த நிலைப் பயிற்சியில் வரும்" என்று பதில் கிடைத்தது. கையில் அசிட்டோன் படுகிற ஆள் அடுத்த நிலை வரைக்கும் காத்திருக்க முடியாது.

பிற்பகலில் வந்த பயிற்றுநர் வேறொருவர், தமிழர், தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பது அவர் முகக்கவசத்தைக் கையில் எடுத்த விதத்திலேயே தெரிந்தது. எங்கள் ஆட்களில் இருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மலாயோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத அவர்களுக்குச் சட்டப்படி இந்த இரு மொழிகளில் வரும் தரவுத் தாள் வெறும் காகிதம்தான். அவர்களுக்காக எட்டாம் பகுதியை, அதாவது எந்த அளவுக்கு மேல் சுவாசிக்கக் கூடாது, எந்தக் கவசம் அணிய வேண்டும் என்பதைச் சொல்லும் பகுதியை, வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

அதன் பிறகு, சுவாசக் கவசம் முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனை நடந்தது, அதற்காகவே இந்த மையத்தைப் பரிந்துரைக்கிறேன். கொசுவலைபோல உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பைக்குள் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற திரவத்தில் நனைத்த காகிதத் துண்டு ஒன்றை மாட்டுகிறார்கள். பழுத்த வாழைப்பழத்தின் மணம் அப்படியே எழுகிறது. (தேநீர் வேளையில் வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரெங் பரிமாறிய புண்ணியவானை என்ன சொல்ல!) கவசத்தில் மாட்டியிருக்கும், கரித்தூள் அடைத்த காட்ரிட்ஜ் என்ற வடிகட்டி அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், உள்ளே நிற்பவருக்கு வாழைப்பழம் மணந்தால் காற்று கவசத்தின் ஓரமாகப் புகுந்திருக்கிறது என்று பொருள். இயல்பாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது, தலையைத் திருப்புவது, நிமிர்வது, குனிவது, பேசுவது என ஏழு பயிற்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். பேசுவதற்கு 100இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். எங்களில் ஒருவர் தொண்ணூற்றிலிருந்து எண்பத்தொன்பதுக்கு இறங்கும் இடத்தில் தடுமாறிச் சிரித்துவிட்டார். சிரித்ததும் கன்னத்தோரம் கவசம் தூக்கிக்கொண்டது, மணம் உள்ளே வந்துவிட்டது. சிறிய அளவுக் கவசத்தை மாட்டியதும் அதே ஆள் தேறினார். எல்லாருக்கும் நடுத்தர அளவையே மொத்தமாக வாங்கிப்போட்டவன் நான்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு தாடி விட்டிருந்த இளைஞர் பைக்குள் நுழைந்த சில நொடிகளிலேயே, "வாழைப்பழம் வாடை வருதுண்ணே" என்றார். கவசம் தோலோடு ஒட்ட வேண்டிய இடத்தில் மயிர் இருந்தால் எந்த விலைக் கவசமும் அடைக்காது. "தேறியதா எழுத முடியாது தம்பி, பூசம் முடிஞ்சு மழிச்சதும் வாங்க, பணம் வேணாம்" என்று பயிற்றுநர் சொன்னார். அதுவரை அவரைச் சாயம் அடிக்கும் அறைக்குள் விடக் கூடாது என்றும், அவசியமென்றால் தாடி இருந்தாலும் அணியக்கூடிய, மின்விசிறி பொருத்திய தளர்வான தலைக்கவசம் இருக்கிறது என்றும் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் சாயத்தில், அதை இறுகவைக்கும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற இரசாயனம் பற்றிக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. மூக்கு அதை நேரத்தோடு எச்சரிக்காது, ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும், எனவே வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று தரும் கவசம்தான் சரி என்றார். காட்ரிட்ஜைப் பற்றியும் ஒன்று சொன்னார்: ஈரப்பதம் மிகுந்த நம் ஊர்க் காற்றில் கரி சீக்கிரம் சோர்ந்துவிடும், வாடை வரும்வரை காத்திருக்காமல் நாள் குறித்து மாற்ற வேண்டும், வேலை முடிந்ததும் பையில் போட்டு இறுக மூட வேண்டும். எங்கள் பட்டறையில் கவசங்கள் ஸ்பிரே அறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் இரவெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

பிற்பகலிலும் ஒரு குறை உண்டு. வாழைப்பழ மணம் ஒருவருக்குத் தெரிகிறதா என்று இரண்டு குப்பிகளை முகரவைத்துப் பார்க்கும் முதல் கட்டத்தையும், பைக்குள் நடக்கும் சோதனையையும் ஒரே அறையில் வைத்தார்கள். நான்காம் ஆள் வருவதற்குள் அறை முழுக்க அந்த மணம் பரவிவிட்டது. மூக்கு பழகிப்போனவருக்குக் கசிவு தெரியாமலே போகலாம். கடைசி இருவரின் முடிவை நான் முழுதாக நம்பவில்லை. அவர்களையும் தாடிக்காரத் தம்பியோடு சேர்த்து மறுபடி சோதிக்கும்படியும், முகரும் கட்டத்துக்குத் தனி அறை ஒதுக்கும்படியும் எழுதியிருக்கிறேன். தேதி கொடுத்துவிட்டார்கள், அறையைப் பற்றி இன்னும் பதில் இல்லை.