கப்பல் நிற்கும் ஒரு நாள்: பீச் கிளப்பா, பொதுக் கடற்கரையா?

குரூஸ் கப்பல் துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நின்றாலும், இறங்கி ஏறுவது போக மிஞ்சுவது ஐந்தோ ஆறோதான். சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் என் ஓட்டு பீச் கிளப்புக்கு, அதாவது கட்டணம் கட்டி நுழையும் தனியார் கடற்கரை இடத்துக்கு. கட்டணம் கடிக்கும், சரி. ஆனால் நிழல், கழிப்பறை, ஷவர், ஆழமில்லாத நீச்சல்குளம் எல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில் கிடைக்கும். அலை முரண்டு பிடித்தால் குளத்தில் இறக்கிவிடலாம். உப்பும் மணலுமாகப் பிள்ளையைக் கப்பலுக்குத் தூக்கி வந்தவர்களுக்குத்தான் அந்த ஷவரின் அருமை தெரியும். எல்லாம் அடங்கிய கட்டணத்தில் பெரும்பாலும் மதுவும் சேர்ந்திருக்கும். குடிக்காதவர்கள் நுழைவுச்சீட்டு மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொதுக் கடற்கரையே போதும். குடையும் நாற்காலியும் வாடகைக்கு எடுத்தால் மிச்சமாகும் பணம் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். அப்புறம், எங்கே போனாலும் கைக்கடிகாரம் கப்பல் நேரத்திலேயே இருக்கட்டும். கரையில் ஒரு மணி நேரம் மாறியிருக்கலாம்.