தம்பிக்கு பைபாஸ், எனக்கு ஸ்லீவ்: வாலாஜாவுக்கு இரண்டு பயணம்

பொங்கலுக்கு ஊருக்குப் போய் பர்மிங்காம் திரும்பியதிலிருந்து எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். வேலூரில் எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டால் எவ்வளவு ஆகும், மூன்று வாரம் லீவு போதுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் போதாது. ஏன் போதாது என்று சொல்ல எனக்கு ஸ்லீவ் செய்ததையும் என் தம்பிக்கு பைபாஸ் செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் எடை குறைக்க இரைப்பையில் செய்யும் ஆபரேஷன்கள், இதயத்தில் செய்யும் பைபாஸ் வேறு.

எனக்கு 2022-இல் இங்கே என்எச்எஸ்ஸில், அதாவது இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில்தான் நடந்தது. டாக்டர் கடிதம் கொடுத்ததிலிருந்து ஆபரேஷன் டேபிளில் படுக்கும்வரை இரண்டு வருடம் ஓடிவிட்டது. அப்போது அந்தக் காத்திருப்பு ஆத்திரமாக இருந்தது, ஆனால் அந்த இரண்டு வருடத்தில்தான் எப்படிச் சாப்பிடுவது என்று கற்றுக்கொண்டேன். பிறகும் இரண்டு வருடம் அவர்களே கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போது வருடத்துக்கு ஒரு முறை என் ஜிபி (குடும்ப டாக்டர்) பார்க்கிறார்.

தம்பி வாலாஜாவில் இருக்கிறான், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். உயரம் 168 செ.மீ., எடை 104 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் கணக்கு) கிட்டத்தட்ட 37. சுகருக்கு இரண்டு மாத்திரையும் இரவில் இன்சுலினும் போட்டுக்கொண்டு மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 9.6-இல் நின்றது. ராத்திரி குறட்டை விட்டு, மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுந்துகொள்வான். "அக்கா, நீ செஞ்சதையே எனக்கும் செஞ்சிடலாம், பழகின விஷயம்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்து 2025 ஏப்ரலில் ஐந்து வார லீவு போட்டுக்கொண்டு போனேன்.

நாங்கள் போன இரண்டு மருத்துவமனைகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. முதல் இடத்தில் டாக்டரைப் பார்க்கும் முன்பே பேக்கேஜ் பேசும் பெண் வந்து உட்கார்ந்தார். நான் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும், "லீவுக்குள்ள முடிச்சிடலாம் மேடம், பத்து நாள்ல நீங்க ஃப்ளைட் ஏறிடலாம்" என்றார். தம்பியின் சுகர் எவ்வளவு, நெஞ்செரிச்சல் உண்டா, பீடி பிடிக்கிறானா, ஒன்றும் கேட்கவில்லை. பேக்கேஜில் எது அடங்கும் என்று நான் கேட்டதற்கு, இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் தனி, ஐசியூ தனி, ஆபரேஷனுக்குப் பிறகு டயட்டீசியன் தனி என்று ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே போனது. எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் எல்லாம் வேகமாக நடந்தது, அதே சமயம் எதையும் விடவில்லை. ரத்தம், வயிற்று ஸ்கேன், வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, தூங்கும்போது மூச்சைப் பார்க்கும் சோதனை, எல்லாம் நாலே நாளில். இங்கிலாந்தில் எனக்கு எண்டோஸ்கோபிக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது என்றால் நம்புவீர்களா? வாலாஜாவிலிருந்து தினமும் அலைய வேண்டாம் என்று காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். வேலூர் லாட்ஜ் என்றால் பார்த்தவர்களுக்குத் தெரியும்: போர்டில் வங்காளமும் இந்தியும் இருக்கும், ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும், பக்கத்து அறையில் கொல்கத்தா குடும்பம் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும். நோயாளியோடு வருகிறவர்களுக்கு இவ்வளவு வசதியான ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சர்ஜன் ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டு அதன்மேல் பேனாவால் மூன்று படம் போட்டார். முதல் படம் வாழைப்பழம் மாதிரி. அதுதான் ஸ்லீவ், எனக்குச் செய்தது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிட்டு, நீளமாக ஒரு குழாய் போல விடுகிறார்கள். குடலைத் தொடுவதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் பசியும் அடங்குகிறது. ஆனால் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது. அப்புறம் நெஞ்செரிச்சல், ஏற்கெனவே இருந்தால் கூடலாம், இல்லாதவருக்குப் புதிதாக வரலாம். எனக்குப் புதிதாக வந்தது. இப்போதும் தலைமாட்டை உயர்த்தி வைத்துத்தான் படுக்கிறேன், இரவு ஏழரைக்கு மேல் தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது.

இரண்டாவது படம் பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலைக் கீழே வெட்டி மேலே இழுத்து அதோடு தைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சோறு அந்த வழியாகப் போகாது, அவ்வளவுதான். சேர்ப்பு இரண்டு இடத்தில். சுகருக்கும் நெஞ்செரிச்சலுக்கும் இது ஸ்லீவைவிட நல்லது. அதற்கு விலையாக இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் உடம்பில் குறைவாகத்தான் சேரும், ஆயுள் முழுக்க மாத்திரை. மூன்றாவது படம் மினி பைபாஸ்: பை நீளமாக இருக்கும், சேர்ப்பு ஒன்றுதான், ஆபரேஷன் நேரமும் குறைவு, நம் நாட்டில் நிறையச் செய்கிறார்கள். ஆனால் பித்தநீர் மேலே ஏறிவர வாய்ப்புண்டு, சத்துக்குறைவும் கூடுதலாக வரலாம்.

தம்பியின் எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் ஏற்கெனவே புண். "உங்க அக்காவுக்குச் செஞ்சதை உங்களுக்குச் செஞ்சா இந்த எரிச்சல் இன்னும் கூடும் சார்" என்று சொல்லி டாக்டர் வாழைப்பழத்தின்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தம்தான், அதற்காக ஒரே ஆபரேஷன் பொருந்திவிடாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றுக்குள் விடும் பலூனைப் பற்றிக் கேட்டோம், ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டுமாம். அப்போதுதான் இந்தியாவில் விற்பனைக்கு வந்திருந்த மவுஞ்சாரோ என்ற சுகர், எடை குறைக்கும் ஊசியையும் தம்பி கேட்டான். போடும்வரை வேலை செய்யும், நிறுத்தினால் பலருக்கு எடை திரும்பிவிடும், உங்கள் சுகருக்கும் எடைக்கும் ஆபரேஷனே பொருத்தம் என்று பொறுமையாகச் சொன்னார்.

இன்சூரன்ஸைப் பற்றி ஒரு விஷயம், இது பலருக்குத் தெரியவில்லை. இந்தியாவில் இதை அழகுக்குச் செய்யும் ஆபரேஷன் என்று சொல்லி அப்படியே தள்ளிவிட முடியாது. பிஎம்ஐ 40, அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சுகர், தூக்கத்தில் கடுமையான மூச்சுத்திணறல் போன்றவை இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் டாக்டரும் எழுதிக் கொடுத்தால் பாலிசி கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தம்பியின் பாலிசி பழையது, அதனால் பெரும்பகுதி வந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்து ஈரலைச் சுருக்கச் சொன்னார்கள். பீடியை அடியோடு விட வேண்டும், இல்லாவிட்டால் சேர்த்த இடத்தில் புண் வரும். அதனால் ஆபரேஷன் தள்ளிப்போய் என் லீவில் மூன்றாவது வாரத்தில்தான் நடந்தது. அன்று மாலையே எழுந்து நடக்க வைத்தார்கள், நாலாம் நாள் வீடு.

கஷ்டமே வீட்டில்தான் ஆரம்பித்தது. வேலூர்ப் பக்கம் மே மாத வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில், மடக்கென்று ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாத ஆளை வைத்துப் பாருங்கள். இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவுக்கு ஒரு சின்னக் கப் கொடுத்திருந்தார்கள். அதில் ஊற்றி, வாயில் வைத்து, மெதுவாக இறக்கி, சில நிமிடம் கழித்து அடுத்தது. நான் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் நாள் கோடுகள் பாதிகூட வரவில்லை, சிறுநீர் மஞ்சளாகி, எழுந்தால் தலை சுற்றல். திரும்ப ஓடினோம், ஒரு நாள் டிரிப்ஸ். தண்ணீர் போதாமல் திரும்பி வருகிறவர்கள் நிறைய என்று நர்ஸ் சொன்னார். அடுத்தவர்கள் யாராவது கேட்டால் மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

இதனால்தான் லீவு கணக்கு ஒத்துவராது என்கிறேன். வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு வந்தால் முதல் சில வாரங்களில் வரும், காலில் ரத்தம் கட்டும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து போகிற உடம்பா அது? பத்து நாளில் ஃப்ளைட் ஏறலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதைவிடப் பெரிய கேள்வி, அடுத்த மூன்று வருடம் உங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கே வாழ்கிறீர்களோ அங்கே பார்ப்பார் இல்லாமல், ஊரில் வெட்டிக்கொண்டு வராதீர்கள்.

இந்தத் தையில் போனபோது தம்பி 78 கிலோ. ஆபரேஷன் ஆன வாரமே இன்சுலின் நின்றிருந்தது, சுகர் சராசரி 6.1, ஒரே ஒரு மாத்திரை மட்டும். சுகர் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அடங்கியிருக்கிறது, எடை ஏறினால் திரும்பி வரும் என்று நான் திருத்தினேன். குறட்டை இல்லை என்று அவன் மனைவி சொன்னாள். ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்கிறது, அதைக் கேட்டு எனக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. பயப்படாதே, புரதத்தை விடாதே, திரும்ப முளைக்கும் என்றேன். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். முட்டை, தயிர், பயறு, கோழி எல்லாம் முதலில், சோறு கடைசியில். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, அரை மணி கழித்துத்தான்.

அம்மாவுக்குத்தான் இதைத் தாங்க முடியவில்லை. ஒரு இட்லியோடு எழுந்துகொள்கிற பிள்ளையைப் பார்த்து முதல் இரண்டு மாதம் அழுதிருக்கிறார். ஊரும் சும்மா இருக்குமா, ஆற்காட்டில் ஒரு கல்யாணத்தில் மாமா முறை ஆகிற ஒருவர் தம்பியைத் தனியே அழைத்து, "ஏன்பா, உடம்புக்கு ஏதாவது பெரிய சீக்கா?" என்று கேட்டார். அதே கல்யாணத்தில்தான் அவன் மக்கன் பேடாவில் பாதி வாயில் போட்டுக்கொண்டான், ஆற்காடு வந்து அதைத் தொடாமல் போவதா என்று. இருபது நிமிடத்தில் முகம் வெளுத்து, சட்டை நனைய வேர்த்து, நெஞ்சு படபடக்க, காரில் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். சர்க்கரைப் பாகு நேராகச் சிறுகுடலில் இறங்கி உடம்புத் தண்ணீரையெல்லாம் அங்கே இழுக்கும், பைபாஸ்காரர்களுக்கு இது சகஜம். ஸ்லீவில் எனக்கு இந்த அளவுக்கு ஒரு முறையும் வந்ததில்லை, அதனால் என்னை இனிப்பிலிருந்து தடுக்க ஆளும் இல்லை. மூன்றாம் வருடம் நாலு கிலோ ஏறியது அப்படித்தான்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தம்பிக்குப் பல்வலி, தெருமுனை மருந்துக்கடையில் கேட்டதும் கவரில் ஆறு மாத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. பைபாஸ் செய்தவர் அதையோ புரூஃபனையோ போட்டால் சேர்ப்பு இடத்தில் புண் வந்து ரத்தம் கசியலாம். அவனிடம் யாரும் சொல்லாமல் இல்லை, டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஆங்கிலத்தில் இருந்தது, பீரோவில் மடித்து வைத்திருந்தான். அன்றிரவே ஒரு அட்டையில் தமிழில் எழுதி அவன் பர்ஸில் வைத்தேன்: "எனக்கு இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. டைக்ளோஃபெனாக், புரூஃபன் தரக்கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்." கீழே அவன் மனைவியின் நம்பர்.

ஏப்ரல் கடைசியில் அவனுக்கு ஒரு வருடப் பரிசோதனை. பி12, இரும்பு, விட்டமின் டி, மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அதே வாரத்தில் ரத்தம் எடுக்க ஜிபியிடம் நாள் வாங்கிவிட்டேன்.