இரண்டே நாளில் மூட்டு வலி போனதா? அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது?

எனக்கு முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி அரிக்கும் நோய்) என்று உறுதியாகி, அந்த நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கி நாலு வாரம் ஆகியிருந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும் என்று மருத்துவர் சொல்லித்தான் கொடுத்தார். ஆனால் தினமும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காமல், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு 12 வாரம் ரொம்பப் பெரிசு.

அப்போதுதான் தெரிந்தவர் மூலமாக அந்த 'மூலிகை' மாத்திரை வந்தது. உறையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. கேட்டால் பரம்பரை ரகசியம் என்றார் விற்றவர். பக்கவிளைவே கிடையாது, மற்ற மருந்தையெல்லாம் நிறுத்திவிடுங்கள் என்றார். நிறுத்தினேன்.

இரண்டே நாளில் வலி போய்விட்டது. வீக்கமும் வடிந்தது. அழுதேவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

நாலு மாதத்தில் முகம் உப்பி வட்டமானது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறின. பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று விட்டேன். அது இன்னும் மோசம்: தலைசுற்றல், வாந்தி, எழுந்து நிற்கவே முடியவில்லை. மூட்டுகள் முன்பைவிட அதிகமாக வீங்கின.

மருத்துவர் என் முகத்தைப் பார்த்ததுமே, "வெளியில் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். ரத்தத்தில் கார்டிசால், அதாவது அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன், மிகக் குறைவு. மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள்; கார்டிசால் போலவே வேலை செய்து, வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து அது. வெளியிலிருந்து அது தொடர்ந்து வந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிறகு அளவு பார்த்து எழுதித் தந்து, படிப்படியாகத்தான் குறைத்தார். சொல்லாமல் கலந்து விற்றதுதான் துரோகம்.

சர்க்கரை இறங்கிவிட்டது, முகமும் பழையபடி ஆகிவிட்டது. எக்ஸ்ரேயில் விரல் மூட்டு எலும்பு அரித்திருந்தது. அது திரும்ப வளராது. வலி இல்லாத அந்த நாலு மாதமும் உள்ளே நோய் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதைத் தடுக்கும் மருந்தை நானே நிறுத்தியிருந்தேன்.

இப்படி ஒன்றை நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கி எறிந்துவிடாதீர்கள். உறையோடு எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரோ என்று நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அவர் திட்டவே இல்லை.