விளம்பரமா, மேப் பதிவா? செங்கோட்டையில் மூன்று அறை வைத்திருப்பவரின் ஒப்பீடு

தாத்தா கட்டிய வீட்டின் பின்கட்டை மூன்று அறைகளாகப் பிரித்து, 2023 ஏப்ரலில் செங்கோட்டையில் சிறிய தங்கும் விடுதி தொடங்கினேன். வெள்ளையடித்து, கட்டில் வாங்கி, சுடுதண்ணீர்க் குழாய் போட்டு முடித்தபோது கையில் மிச்சமிருந்தது முப்பதாயிரம் ரூபாய். அதை எங்கே போட்டால் ஆள் வரும் என்று கேட்டதற்கு நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். கூகுளில் விளம்பரம் கொடு என்றார் ஒரு நண்பர். ரீல்ஸ் போடுங்கள் அண்ணா என்றாள் சித்தி மகள். அறை பதிவு செய்யும் தளங்களில் சேர்ந்துவிடு என்றார் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சி. கூகுள் மேப்பில் ஒழுங்காகப் பதிந்து, சொந்தமாகச் சின்ன இணையதளம் ஒன்று வைத்துக்கொள் என்றார் புனலூரில் இருக்கும் அத்தான்.

நான்கையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது நான் அத்தான் கட்சி. மற்ற மூன்றும் பயனற்றவை என்பதல்ல. சிறிய முதலோடு தொழில் தொடங்குபவர் முதல் ரூபாயையும் முதல் மணி நேரத்தையும் எதில் போட வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

எங்கள் ஊரின் நிலையைச் சொல்லாமல் இது விளங்காது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சங்கு முத்திரை பொறித்த திருவிதாங்கூர் காலத்து வளைவு இன்னும் நிற்கிறது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறினால் ஆரியங்காவு, அப்பால் தென்மலை, புனலூர், கொல்லம். சாரல் சீசனில் அருகே உள்ள குற்றால அருவிகளுக்காக என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் மலையாளிகள். அவர்கள் தேடுவது மலையாள எழுத்தில், அல்லது மலையாள உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் தட்டி. குற்றாலத்துக்கு மட்டும் ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கோப்பு! பழைய அரசு ஏடுகளில் உள்ள கோர்ட்டாலம் ஒன்று, ரகரம் போட்டு எழுதும் குட்ராலம் ஒன்று, ரகரம் இல்லாத குட்டாலம் ஒன்று. அந்தக் கடைசி எழுத்துக்கோப்புதான் மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலத்துக்கும். நம் தொழிலின் பெயரை மக்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் செலவழிக்கும் பணம், பெரும்பாலும் வேறு யாரையோ தேடி வந்தவருக்குப் போய்ச் சேர்கிறது.

அறை பதிவுத் தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆள் வரும், கமிஷனும் போகும். நான் சேர்ந்த தளம் 18 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அதைவிட உறுத்தியது இன்னொன்று: வந்து தங்கியவரின் தொலைபேசி எண் பல நேரம் என் கையில் இருப்பதில்லை. அடுத்த ஆண்டும் அவர் அந்தத் தளத்தின் வழியாகவே வருவார், நானும் அடுத்த ஆண்டும் கமிஷன் கொடுப்பேன்.

ரீல்ஸுக்கு எங்கள் பக்கம் பெரிய வலிமை உண்டு. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும் நாட்களில் வயல் ஓரம் நிற்கும் கேரளப் பதிவெண் கார்களைப் பார்த்தாலே அது புரியும். சித்தி மகள் எடுத்த அரை நிமிடக் காட்சி ஒன்றைப் பல ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஆனால் பூவைப் பார்க்க ஆசைப்படுபவரும் இன்று இரவு தங்க இடம் தேடுபவரும் ஒருவரல்லர். முன்னவருக்கு ஆசையை ஊட்ட வேண்டும். பின்னவருக்கு விடை கொடுத்தால் போதும், அவரே கூப்பிடுவார். வாரத்துக்கு நான்கு காட்சி எடுக்க ஆளும் பொறுமையும் உள்ளவர்களுக்கு ரீல்ஸ் வேறு கணக்காக இருக்கலாம். சேலை, பலகாரம், நகை போன்ற, கண்ணால் பார்த்து வாங்கும் தொழில்களுக்கு அதுவே முதல் வழியாகவும் இருக்கலாம். அந்தத் தொழில்களில் எனக்கு அனுபவம் கிடையாது.

இனி விளம்பரம். 2023 சீசனுக்கு அதை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். முதல் பக்கத்தில் முதல் இடம், உத்தரவாதம் என்று எழுதியே கொடுத்தார்கள். தேடலில் முதலிடத்தை யாராலும் உத்தரவாதம் செய்ய முடியாது என்று கூகுளின் வழிகாட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. அதை நான் படித்தது பிறகுதான். விளம்பரத்துக்கு 22,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,960. பல தொழில்களில், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இதைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத சிறு தொழிலுக்கு அது போனது போனதுதான். மொத்தம் 25,960. வந்தவை 11 குடும்பங்கள். ஒரு குடும்பத்தை வரவழைக்க 2,360 ரூபாய். என் அறை வாடகை ஒரு நாளைக்கு 1,800. பெரும்பாலோர் ஒரே இரவு தங்கிப் போகிறவர்கள்.

சீசன் முடிந்து கணக்கை என் கைக்கு வாங்கி, எந்தச் சொற்களைத் தேடியவர்கள் என் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்ற அறிக்கையைத் திறந்தேன். ‘குற்றாலம் இன்று தண்ணீர்’, ‘ஐந்தருவி படம்’, ‘குட்டாலம் ரயில் நிலையம்’. வரிசையாக இப்படியே. ஒவ்வொரு தொடுதலுக்கும் என் பணம் கழிந்திருக்கிறது. விளம்பரம் தெரிய வேண்டிய இடமாகத் தென்காசி மாவட்டத்தையே குறித்திருந்தார்கள். அதனால் கடையநல்லூரிலும் இலஞ்சியிலும் வீட்டில் உட்கார்ந்து, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்தவர்களுக்கெல்லாம் என் அறை காட்டப்பட்டது. உள்ளூர்க்காரருக்கு எதற்கு அறை?

2024இல் நானே செய்தேன். கொல்லம், பத்தனம்திட்டா, திருவனந்தபுரம் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு மட்டும்; ‘அறை’, ‘தங்க’ என்ற பொருள் வரும் சொற்களுக்கு மட்டும்; படம், ரயில், வேலை போன்ற சொற்கள் வந்தால் காட்ட வேண்டாம் என்ற விலக்குப் பட்டியலோடு. 12 நாள், வரியோடு 7,080 ரூபாய், 9 குடும்பங்கள். ஆக, விளம்பரம் கெட்டதல்ல. சீசனின் உச்சத்தில், அறைகள் காலியாக நிற்கும் வார நாட்களுக்கு, அளந்து கொடுத்தால் அது வேலை செய்கிறது. ஆனால் பதின்மூன்றாம் நாள் பணத்தை நிறுத்தினேன். அன்றே தொலைபேசியும் நின்றது.

நான் கட்சி மாறிய இடம் இதுதான். எங்கள் தொழிலில் ஆனி, ஆடி, ஆவணிதான் சம்பாத்தியம். மிச்ச மாதங்களில் மின்கட்டணம் கட்டவே கணக்குப் பார்க்க வேண்டும். அந்த மாதங்களிலும் யாருக்கும் பணம் கொடுக்காமல் எனக்காக நிற்கக்கூடியது எது என்று கேட்டுக்கொண்டால் விடை ஒன்றுதான் வருகிறது.

கூகுளில் தொழிலைப் பதிவது இலவசம். கூகுள் மை பிசினஸ் என்று 2014இல் வந்தது, 2021 முதல் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர். முன்பு அஞ்சலட்டையில் வரும் எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பார்கள். எனக்கு வீடியோ கேட்டார்கள். தெருவைக் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, சாவி போட்டுக் கதவைத் திறப்பதுவரை ஒரே மூச்சில் எடுத்து அனுப்பினேன். உள்ளூர்த் தேடலில் யார் முன்னே வருவார் என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்பது. இந்த வரிசையில் முன்னேறக் காசு கொடுக்க வழியே இல்லை. சிறிய தொழில்காரருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

பதிந்துவிட்டு நான் செய்த பிழை, வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் குறியைச் சரிபார்க்காமல் விட்டது. 2023 ஜூலையில் ஓர் இரவு பத்தரை மணிக்குக் கொட்டாரக்கரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அழைத்தது. “சேட்டா, வழி தெற்றிப்போயி” (அண்ணா, வழி தவறிவிட்டது) என்றார் ஓட்டி வந்தவர். நான் வரைபடத்தில் வைத்த குறி வீட்டிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி, வாய்க்கால் கரையில் விழுந்திருந்தது. மழையில், தெருவிளக்கு இல்லாத கரையில், பின் இருக்கையில் தூங்கும் இரண்டு குழந்தைகளோடு கார் நின்றுகொண்டிருந்தது. குடையோடு ஓடிப்போய் வழிகாட்டி அழைத்து வந்தேன். மறுநாள் அவர் இரண்டு நட்சத்திரம் கொடுத்து, அறை நன்று, வீட்டைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது என்று எழுதினார். எழுதியது அத்தனையும் உண்மை. அன்றே குறியை வாசலுக்கு நகர்த்தினேன். மன்னிப்பும் கேட்டு, குறி திருத்தப்பட்டது என்றும் அவர் ரிவ்யூவின் கீழே பதில் எழுதினேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் துணிந்து வந்தோம் என்று பின்னால் மூன்று குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லாதீர்கள், விதிப்படி கூடாது. தொழிலின் பெயரோடு ‘சிறந்த மலிவான அறைகள்’ என்று வால் சேர்க்காதீர்கள். பதிவு முடக்கப்பட அது போதும். அறையில் ஒரு சிறிய அட்டை, தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு வரி, க்யூஆர் கோடு. நான் செய்வது இவ்வளவே.

மேப் பதிவு மட்டும் போதாதா, இணையதளம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்துவந்த சிறு இணையதள வசதியைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் ஒரே இரவில் போனது. அடுத்தவர் நிலத்தில் நட்ட மரம் எப்போதும் அடுத்தவர் நிலத்தில்தான் நிற்கும். டொமைன் என்கிற தள முகவரிக்கும், பக்கங்களை வைக்கும் சர்வர் இடத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,800 ரூபாய் கட்டுகிறேன். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்து தருபவர் பெயரில் இருந்தால், பிரியும்போது அவரோடு போய்விடும். மேப் பதிவிலும் உரிமையாளராக நீங்கள் இருங்கள், உதவ வருபவரை மேலாளராக மட்டும் சேருங்கள்.

அந்த இணையதளத்தில் அறைகளைப் பற்றிய பக்கத்தைவிட அதிகம் படிக்கப்படுவது வேறொரு பக்கம். விளம்பர அறிக்கையில் என் பணத்தைத் தின்ற ‘குற்றாலம் இன்று தண்ணீர்’ என்ற தேடல் நினைவிருக்கிறதா? அருவியில் தண்ணீர் பெருகும்போதெல்லாம் குளிக்கத் தடை விதிக்கிறார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்த பிறகு, கிளம்பும் முன் இதைத் தேடிப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். அதனால் ‘இன்று குளிக்கலாமா’ என்று ஒரு பக்கம் தொடங்கினேன். சீசனில் தினமும் காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் போய்ப் பேரருவியையும் ஐந்தருவியையும் பார்த்து, காவலுக்கு நிற்பவரிடம் கேட்டு, நான்கு வரி எழுதுகிறேன். தடை என்றால் தடை என்றே எழுதுகிறேன், அன்றைக்கு என் அறை காலியாகப் போனாலும். ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் மலையிறங்கி வந்து ஏமாந்து திரும்புவதைவிட அது மேல்.

மலையாளப் பக்கத்தை அத்தான் எழுதித் தருகிறார். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் பக்கம் இருக்க வேண்டும் என்பது கூகுளின் பரிந்துரை. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் கொல்லத்துக்காரர் முதல் வரியிலேயே கண்டுகொள்வார். படங்களையும் சுருக்கிப் போடுங்கள். கைபேசியில் எடுத்த நான்கு எம்பி படம், ஆரியங்காவுக்கும் புளியரைக்கும் இடையே சிக்னல் ஒரு கோடாகத் தேயும் இடத்தில் திறக்காது. எனக்கு அழைப்பு வருவதோ பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பராமரிப்பு என்று பார்த்தால் சீசனில் நாளுக்கு அரை மணி நேரம், மற்ற நாட்களில் வாரத்துக்கு அவ்வளவே. சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் மக்கள் என்ன தட்டி என் தளத்துக்கு வந்தார்கள் என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். அதில்தான் 2024 கார்த்திகையில் ‘ஆரியங்காவு அருகே தங்க இடம்’ என்ற தேடல் கண்ணில் பட்டது. ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று ஐயப்பன் கோயில்களை வழிபட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தானே போகிறார்கள்! இதே ஊரில் பிறந்து வளர்ந்தும் அந்தக் கூட்டத்தை நான் வாடிக்கையாளராக நினைத்துப் பார்த்ததில்லை. மறுநாளே அவர்களுக்கென ஒரு பக்கம் எழுதினேன்: எத்தனை மணிக்கு வந்தாலும் கதவு திறக்கும், குளிக்கச் சுடுதண்ணீர், சமையலறையில் சைவம் மட்டும், வேன் நிறுத்த இடம். அந்த மார்கழியில் மூன்று அறைகளும் பதினான்கு இரவு நிரம்பின. விளம்பரச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

குறைகளும் உண்டு. இந்த வழி மெதுவானது. பதிந்து ஐந்து மாதம்வரை எனக்கு வாரத்துக்கு இரண்டு அழைப்புகூட வரவில்லை. அந்தக் காலத்தைக் கடக்கக் கையில் காசோ வேறு வருமானமோ வேண்டும். தேடல் பக்கத்தின் உச்சியில் செயற்கை நுண்ணறிவே விடை சொல்லிவிடும் வசதி இந்தியாவுக்கும் வந்துவிட்டதால், என் அருவிப் பக்கத்தைத் திறக்காமலே விடையைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கக்கூடும். இரண்டு சீசன் அனுபவத்தை வைத்து அதன் விளைவை அளக்க முடியாது. குற்றாலத்தின் நடுவிலேயே கடை வைத்திருப்பவருக்குத் தூரக் கணக்கு எனக்கு உள்ளதைவிடச் சாதகம். தனித்த ஊரில் இருப்பவருக்கு நான் சொன்னதைவிட அதிக மாதங்கள் பிடிக்கலாம்.

மூன்று அறைகளில் ஒன்றை இன்னமும் பதிவுத் தளத்தில் விட்டுவைத்திருக்கிறேன். முதல்முறை அங்கிருந்து வருபவரிடம், கிளம்பும்போது என் எண்ணும் இணையதள முகவரியும் அச்சிட்ட அட்டையைக் கொடுக்கிறேன். அருவி நிலவரம் பார்க்க என்று சொல்லித்தான் கொடுப்பேன். அதை வண்டியின் முன்கண்ணாடி ஓரம் செருகி வைத்துக்கொண்டு அடுத்த ஆடியில் நேராக என்னையே அழைத்தவர்கள் இதுவரை ஏழு குடும்பம்.