பாலையூற்றுப் பன்றி இறைச்சிக் கடை: இறைச்சி நல்லது, சொல்லும் விளக்கம் தவறு

திருகோணமலை பாலையூற்றுப் பக்கத்திலுள்ள இச்சிறிய கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று கேட்டவுடன் தயக்கமின்றிப் பதில் கிடைத்ததுதான். சிலாபம் பக்கத்துப் பண்ணையொன்றில் கொட்டிலுக்குள் அடைத்து வளர்த்த பன்றிகள் என்றார்கள். கால்நடை வைத்தியரின் பரிசோதனைச் சான்றையும் காட்டினார்கள். இது சிறிய விடயமன்று. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகளை, தெருவில் அலையும் பன்றி தின்னும்போதுதான் அதன் தசைகளில் நீர்க்கட்டிகள் உருவாகின்றன. கொட்டிலும் ஒழுங்கான கழிப்பறையும் உள்ள பண்ணையில் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது.

நாக்கையும் இதயத்தையும் கேட்டால் வெட்டிக் காட்டுகிறார்கள். பயறளவில் வெண்ணிறக் கொப்புளங்கள் தென்பட்டால் அந்த இறைச்சியைத் தொடவே கூடாது. ஆனால் டிரிக்கினெல்லா என்ற புழுவின் குடம்பிகள் வெறுங்கண்ணுக்குத் தெரியா; ஆகவே பார்வைச் சோதனையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

என் மனக்குறை இங்கேதான். "பிரிட்ஜில் ஒருநாள் வைத்தால் பூச்சியெல்லாம் செத்துவிடும்" என்று விற்பனையாளர் வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறார். சாதாரணக் குளிரில் அவை சாவதில்லை. உறைநிலைக்குக் கீழே 15 பாகை செல்சியசில், நாடாப்புழுக் கட்டிகள் அழிய 3 நாட்களும், 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத தடிப்புள்ள துண்டுகளில் டிரிக்கினெல்லா அழிய 20 நாட்களும் வேண்டும். மிளகும் கொறுக்காப்புளியும் இட்டு நெடுநேரம் கொதிக்கவைக்கும் நம் வீட்டுக் கறியில் அச்சமில்லை. நிலாவெளிக் கடற்கரையில் தடித்த துண்டுகளைத் தணலில் வாட்டுவோரே நடுப்பகுதி வெந்ததா என்று பார்க்கவேண்டும். அரைத்த இறைச்சியானால் உட்புறம் 71 பாகையை எட்டவேண்டும்.

வெட்டுமேசைக்கு அருகிலேயே சவர்க்காரத்துடன் கைகழுவும் தொட்டி இருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பு நோய் தருவது வேகாத இறைச்சியென்று பலர் நினைக்கிறார்கள். இறைச்சியால் வருவது குடலில் வாழும் புழு. மூளைக்கட்டியோ, அப்புழு உள்ளவரின் கழுவாத கையாலும் அசுத்தமான நீராலும் காய்கறியாலும் வாய்க்குள் போகும் முட்டைகளால் வருகிறது. பன்றி இறைச்சியைத் தொடாத சைவ வீட்டுப் பிள்ளைக்கும் அது வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்நோய் நிலைத்துள்ள பகுதிகளில் வலிப்பு நோயின் சுமார் 30 வீதத்திற்கு இதுவே காரணம்.

விலை சற்றுக் கூடுதலே, ஆயினும் தோள்பகுதி இறைச்சியைத் தயங்காமல் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் அரைக்கும் இயந்திரத்தைக் கழுவுவதை நான் காணவில்லை. அது மாறும்வரை இங்கே அரைத்த இறைச்சி வாங்கமாட்டேன்.