குளிர்கால ஃபேமிலி போட்டோவுக்கு 85எம்எம்மா, 70-200ஆ? நான் 85 பக்கம்

டிசம்பர் ஜனவரில குடும்பத்தோட மலைப்பக்கம் போறவங்க கையில கேனான் டிஎஸ்எல்ஆர் இருந்து, கேமராவோடயே வந்த கிட் லென்ஸ் பத்தலைனு தோண ஆரம்பிச்சா அடுத்து வந்து நிக்கிறது இந்த ரெண்டுதான். ஒண்ணு 85எம்எம் எஃப்/1.8, இன்னொண்ணு அந்த வெள்ளை லென்ஸ், 70-200 எஃப்/4 எல் ஐஎஸ் (எஃப்க்குப் பின்னாடி நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகமா உள்ள வரும், ஐஎஸ்னா கை ஆட்டத்தை சமாளிக்கிற வசதி). மச்சானோட 70-200ஐ கடன் வாங்கியே கொஞ்ச வருஷம் ஊட்டியும் ஏற்காடும் ஓட்டினேன், அப்புறம் சொந்தக் காசுல வாங்கினது 85. அதனால நடுநிலையா எல்லாம் பேசப் போறதில்ல, முதல்லயே சொல்லிடுறேன். நான் ஃபிளாஷ் அடிக்கிற ஆளும் இல்ல, இருக்கிற வெளிச்சத்துலயே எடுக்கிறது, அதையும் மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

தெரிஞ்ச விஷயத்தை சீக்கிரம் முடிச்சிடலாம். 85 எடை 425 கிராம், நீளம் 7 சென்டிமீட்டர் சொச்சம். 70-200 எஃப்/4 ஐஎஸ் 760 கிராம், நீளம் 17 சென்டிமீட்டர். சூம்ல நின்ன இடத்துலயே ஃப்ரேம் மாத்தலாம், பிரைம்ல, அதாவது 85 மாதிரி சூம் இல்லாத லென்ஸ்ல, நடக்கணும். 85ல ஐஎஸ் கிடையாது. ரெண்டுமே ஷார்ப், அதுல சண்டையே வேணாம்.

குளிர்காலத்துல எதுக்கு எடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஏப்ரல்ல ஊட்டில மதியம் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரா நிக்கும், கண்ணுக்குழி ரெண்டும் கருப்பாயிடும், மூக்கு நிழல் மீசை மாதிரி விழும். டிசம்பர் கடைசில அதே மதியத்துல சூரியன் 55 டிகிரிக்கு மேல ஏறாது, தெக்குப் பக்கமாவே சாஞ்சு போகும், அதனால காலைல 10 மணி வரைக்கும்கூட முகத்துல வெளிச்சம் நல்லா விழும். குழந்தைங்க எழுந்து பல்லு விளக்கி, பெரியவங்க காபி குடிச்சு, எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு வெளிய வர்றதுக்கு 9 ஆயிடும்ல, அந்த நேரத்துலயும் உருப்படியா படம் எடுக்க முடியுற சீசன் இதுதான். (மங்கி கேப்பை கழட்ட வைக்கிறது உங்க சாமர்த்தியம். எங்க பெரியப்பா இன்னைக்கு வரைக்கும் கழட்டினதில்ல.)

ஆனா பனி மூடின காலைல, இல்ல பைன் மரத்துக்கு அடியில, வெளிச்சம் ரொம்ப கம்மி. அங்கதான் எஃப்/1.8 வேலை செய்யுது, எஃப்/4ஐ விட கிட்டத்தட்ட 5 மடங்கு வெளிச்சம் உள்ள வரும். 85ல ஐஎஸ்ஓ 800ல முடியுற படம் சூம்ல 4000 கேக்கும் (ஐஎஸ்ஓ ஏத்தினா இருட்டுல எடுக்கலாம், ஆனா படத்துல புள்ளி புள்ளியா வரும்). ஐஎஸ் இருக்கேம்பாங்க, அது நம்ம கை ஆட்டத்தை தான் பாத்துக்கும், ஓடுற பாப்பாவை நிறுத்தாது, அதுக்கு ஷட்டர் ஸ்பீடு 1/250 செகண்டாவது வேணும்.

பேக்ரவுண்ட் மங்குறதுல 85 தான் ராஜானு நிறைய பேர் சொல்றாங்க, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். 85ஐ 1.8ஆல வகுத்தா 47, 200ஐ 4ஆல வகுத்தா 50. அதாவது லென்ஸோட திறப்பு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு, முகத்தை ஒரே சைஸ்ல ஃப்ரேம் பண்ணினா தூரத்துல இருக்கிற மலையும் மரமும் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் கரையும். வித்தியாசம் நீங்க எங்க நிக்கிறீங்கன்றதுல. 85ல 3 மீட்டர்ல நிக்கிற ஆள் 200ல 7 மீட்டர் தள்ளி நிக்கணும். கிறிஸ்துமஸ் லீவுல பொட்டானிக்கல் கார்டன்ல 7 மீட்டர் இடைவெளி விட்டு நின்னு பாருங்க, நடுவுல நாலு குடும்பம் குறுக்க போகும். அதுவும் மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், 7 மீட்டர்ல இருந்து "இங்க பாருங்கத்தை"னு கத்தினா அவங்க மூஞ்சில வர்றது சிரிப்பு இல்ல, கேள்வி. 3 மீட்டர்ல பேசிக்கிட்டே எடுக்கலாம். எனக்கு இது பெருசு, உங்க வீட்டு ஆளுங்க கேமராவைப் பாத்தா விறைச்சுக்கிற ரகம்னா தள்ளி நின்னு அவங்களுக்கே தெரியாம எடுக்குற சூம் தான் நல்லதுன்னும் சொல்லலாம், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

சரி, இப்ப நான் 85 வாங்கினதுக்கு உண்மையான காரணத்துக்கு வர்றேன். ஃபங்கஸ்.

சிரிக்காதீங்க. சென்னைல இருக்கிறவங்களுக்கு இது தெரியும். நமக்கு வடகிழக்கு மழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும், அதாவது குளிர்கால டிரிப்புக்கு லென்ஸை எடுக்குறதுக்கு சரியா முன்னாடி ரெண்டு மூணு மாசம் வீடே ஈரம் குடிச்சுக் கிடக்கும், பீரோல வச்ச லெதர் பெல்ட்டே பூசணம் பூக்கும். காத்துல ஈரம் 60, 70 சதவீதத்துக்கு மேல நாள் கணக்குல நின்னு, இருட்டும் காத்தோட்டம் இல்லாத பையும் சேந்துட்டா கண்ணாடி மேலயே பூசணம் வளரும். சிலந்தி வலை மாதிரி மெல்லிசா கோடு கோடா. ஆரம்பத்துலயே பாத்தா துடைச்சிடலாம், விட்டா அது விடுற அமிலம் கோட்டிங்கை அரிச்சிடும், அப்புறம் துடைச்சாலும் தழும்பு போகாது.

இதுல மலை டிரிப் வேற எரியிற நெருப்புல எண்ணெய். ஊட்டி பக்கத்துல தலைகுந்தால உறைபனி விழுற காலைல லென்ஸ் சில்லுனு ஆகியிருக்கும், அதை அப்படியே ரூமுக்குள்ள கொண்டுவந்தா, வெந்நீர் ஆவியும் ஆளுங்க மூச்சும் இருக்கிற ரூம்ல, கண்ணாடி மேல உடனே நீர் கோத்துக்கும். துடைச்சுட்டு மூடி போட்டு பைல வச்சு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி வீட்டுக்கு வந்து, பையைத் தூக்கி பரண்ல போட்டா முடிஞ்சது கதை. வெளில இருக்கும்போதே ஜிப் கவர்ல போட்டு காத்தைப் பிழிஞ்சு மூடிட்டு உள்ள கொண்டுவந்து ஒரு மணி நேரம் போல விட்டுட்டு அப்புறம் பிரிங்க, நீர் கவர் மேல தான் கோக்கும். இது ரெண்டு லென்ஸுக்கும் பொது.

வித்தியாசம் எங்கன்னா, 85ல மொத்தம் 9 கண்ணாடி. 70-200 எஃப்/4 ஐஎஸ்ல 20. மேல இருக்கிற முதல் கண்ணாடில வந்தா பரவால்ல, நடு குரூப்ல வந்தா சூம் மெக்கானிசம், ஐஎஸ் யூனிட் எல்லாத்தையும் பிரிக்கணும், திரும்ப மாட்டும்போது ஒரு கண்ணாடி இம்மி நகந்தாலும் படத்துல ஒரு ஓரம் ஷார்ப், இன்னொரு ஓரம் மங்கல்னு வந்துடும். என் மச்சான்கிட்ட இருந்த ஒரு பழைய சூமுக்கு, இந்த வெள்ளை லென்ஸ் இல்ல, வேற ஒண்ணு, இதேதான் ஆச்சு, சர்வீஸ் பண்ணிக் கொண்டுவந்ததுல இருந்து இடது பக்கம் நிக்கிறவங்க எப்பவும் மங்கல். அதுக்கப்புறம் குரூப் போட்டோல இடது பக்கம் நிக்க ஆளே கிடையாது.

நியாயமா சூம் பக்கமும் சொல்லணும். இந்த 70-200 வெளில நீளாம உள்ளயே சூம் ஆகுறது, அதனால மத்த சூம் மாதிரி ஒவ்வொரு தடவையும் காத்தையும் தூசியையும் உள்ள இழுக்காது. வெதர் சீலிங்கும் இருக்கு, முன்னாடி ஒரு ஃபில்டர் போட்டா சாரல்ல தைரியமா எடுக்கலாம். 85ல அந்த சீலிங் கிடையாது, கொடைக்கானல்ல மேகம் இறங்கி நசநசன்னு தூற ஆரம்பிச்சா நான் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கிட்டு ஓடுற ஆளு. ஆனா சீலிங் தடுக்கிறது தண்ணித் துளியை, பரண்ல மாசக்கணக்கா நிக்கிற ஈரக்காத்தை இல்ல.

ஃபங்கஸ் வர்றது பெரும்பாலும் எடுக்காம வச்சிருக்கிற லென்ஸுக்குத்தான், இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். 760 கிராம் வெள்ளைக் குழாயை கோயிலுக்கு எடுத்துட்டுப் போவீங்களா? சித்தி வீட்டு சீமந்தத்துக்கு? மொட்டை மாடில சாயங்காலம் பாப்பாவை எடுக்க? நான் எடுக்கல. கடன் வாங்கி வச்சிருந்த நாள்லயும் மலைக்கு மட்டும்தான் போச்சு, மிச்ச நேரம் பைக்குள்ளதான். 85 ஹேண்ட்பேக்ல போகுது, வாரத்துக்கு ஒரு தடவையாவது வெயிலையும் காத்தையும் பாக்குது. வீட்டுக்கு வந்தா சமையலறைல இருக்கிற மாதிரி ரப்பர் விளிம்பு வச்ச டப்பால, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லோட உக்காந்துக்கும், உள்ள ஒரு சின்ன ஈரமானி, 40ல இருந்து 50க்குள்ள காட்டினா நிம்மதி. 17 சென்டிமீட்டர் லென்ஸுக்கு அந்த சைஸ் டப்பா தேடுறதும் கஷ்டம், ஈரத்தைக் கட்டுப்படுத்துற டிரை கேபினெட் வாங்கலாம், அது தனிச் செலவு, 24 மணி நேரமும் பிளக்ல இருக்கணும். ஜெல் பத்தி ஒண்ணு, நீலத்துல இருந்து ரோஸ் ஆகுற வகைல கோபால்ட் இருக்கு, அதை வாணலில போட்டு வறுத்துட்டு அதே வாணலில தாளிக்காதீங்க, ஆரஞ்சு வகையா பாத்து வாங்குங்க, அதுக்கும் தனியா ஒரு பழைய சட்டி வச்சுக்கோங்க.

விக்கும்போதும் இதுதான் கணக்கு. செகண்ட்ஹேண்ட் வாங்க வர்றவர் முதல்ல பண்றது, பின்னாடி இருந்து டார்ச் அடிச்சு முன்னாடி வழியா பாக்கிறது. ஒரு கோடு தெரிஞ்சாலும் பேசின விலை கிடையாது, பாதிக்குக் கேப்பாங்க, இல்ல டீ குடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. டிஎஸ்எல்ஆருக்குப் பதிலா மிரர்லெஸ் கேமரா வந்ததுல இருந்து இந்த மாதிரி இஎஃப் லென்ஸ் (கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்) விலையே இறங்கிட்டுத்தான் இருக்கு, அடாப்டர் போட்டா புது பாடில நல்லா வேலை செய்யும்னாலும் வாங்குறவங்க பேரம் பேசத்தான் செய்றாங்க, அதனால நிறைய காசு போட்ட லென்ஸ்ல ஃபங்கஸ் வந்தா விழற அடியும் பெருசு. 85ல போட்ட காசே கம்மி.

85ல குறையே இல்லனு சொல்லல. எதிர் வெயில்ல 1.8ல எடுத்தா வெள்ளை வேட்டி ஓரம், பாட்டி மூக்குத்தி, இதெல்லாம் சுத்தி ஊதா கோடு விழும், 2.8க்கு வந்தா பெருசா தெரியாது. 3 மீட்டர்ல 1.8 வச்சா ஃபோகஸ் ஆழம் 13 சென்டிமீட்டர் தான், தாத்தா கண்ணு ஷார்ப்பா இருந்தா மடில இருக்கிற பேரன் மங்கலாயிடுவான். எட்டுப் பேரை ரெண்டு வரிசையா நிறுத்தினா எஃப்/5.6க்குப் போயே ஆகணும், அப்ப 1.8க்குக் குடுத்த காசெல்லாம் சும்மாதான், சூமும் அதுவும் ஒண்ணு. 85 செ.மீ.க்குக் கிட்ட போனா ஃபோகஸே ஆகாது, கைக்குழந்தையோட விரலை மட்டும் எடுக்கிற ஆசையெல்லாம் நடக்காது.

70-200 எஃப்/2.8 பத்தி கேட்டா, ஒரு கல்யாணத்துல கொஞ்ச நேரம் பிடிச்சதோட சரி, படம் பிரமாதம், ஒன்றரை கிலோ மணிக்கட்டுல தெரிஞ்சது, அதுக்கு மேல அடிச்சுச் சொல்ற அளவுக்கு நான் அதுல எடுக்கல. அதே மாதிரி வரையாடு, பறவை, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே இதெல்லாம் உங்க லிஸ்ட்ல இருந்தா தயவுசெஞ்சு சூம் வாங்குங்க, 85 வச்சுக்கிட்டு வரையாடைத் தேடினா படத்துல புள்ளிதான் இருக்கும்.

இன்னொண்ணு, உங்க பாடி 1500டி, 200டி மாதிரி கிராப் சென்சார்னா (ஃபுல் ஃப்ரேமை விட சின்ன சென்சார்) 85 அங்க 136 மாதிரி ஆயிடும், ஆளை முழுசா நிறுத்தி எடுக்கவே பின்னாடி நடந்து போயிட்டே இருக்கணும். அவங்க 50எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் பாருங்க, 160 கிராம், 80எம்எம் மாதிரி வேலை செய்யும், உள்ள 6 கண்ணாடி தான், டப்பாவும் சின்னதே போதும்.